துப்பாக்கிக்குப் பிறந்த தேதி உண்டு

என் அம்மாச்சிக்கு என்ன வயசென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் ஐம்பத்து நாலு. வாக்காளர் அட்டையில் அறுபத்தொன்று. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட அவளை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பொறந்த தேதி என்ன?" என்றார். "தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோச்சுல்ல சாமி, அந்தப் புயலப்ப என் மூத்தவ கைப்புள்ள" என்றாள் அம்மாச்சி. 1964 டிசம்பர். கணக்குப் போட மனசிருந்தால் அது போதும். அவர் சிரித்தார். "புயலுக்கெல்லாம் சர்டிபிகேட் கெடையாதும்மா, கார்டுல இருக்கிறதத்தான் எழுத முடியும்." மனு திரும்பி வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி அம்மாச்சி என்னைக் கேட்டாள்: "ஏத்தா, எழுதலன்னா பொறக்கலன்னு ஆயிருமா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி பல வருசம் கழித்து ஒரு துப்பாக்கியைப் பற்றிப் படிக்கும்போது மறுபடி வந்தது.

எங்கள் காலனிப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடி ஏதாவது வாசிப்போம். ஒருநாள் ஐடா பி. வெல்ஸ் பற்றிப் பேசினேன். அடிமையாகப் பிறந்து பத்திரிகையாளரான கறுப்பினப் பெண். 1892 மார்ச்சில் மெம்பிஸ் நகரத்தில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் உட்பட மூன்று கறுப்பர்களை வெள்ளைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றது. அவர்கள் செய்த குற்றம், வெள்ளைக்காரன் கடைக்குப் போட்டியாக மளிகைக் கடை நடத்தியது. அதே ஆண்டு வெல்ஸ் ஒரு சிறுநூல் எழுதினார். சட்டம் காப்பாற்றாத இடத்தில் ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான ஓர் இடம் தர வேண்டும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து.

பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, அது எந்த வருசத்துத் துப்பாக்கி? பழைய துப்பாக்கியோட வயச எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு என்ன தெரியும்? எங்க ஊரில் துப்பாக்கி என்பது பண்ணையார் வீட்டுச் சுவரில் தொங்கியது. நாங்கள் வாசலோடு நின்று பார்த்தது. தேடிப் படித்தேன்.

வின்செஸ்டர் கம்பெனி கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரத்தில் இருந்தது. விசைக்குக் கீழே வளையம்போல ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஒவ்வொரு தடவையும் நின்று நிரப்ப வேண்டியதில்லை. 1866, 1873, 1886, 1892, 1894 என்று ஆண்டையே பெயராக வைத்துப் பல மாடல்கள் வந்தன.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துப்பாக்கியில் 1873 என்று இருந்தால் அது 1873இல் செய்தது என்று அர்த்தமில்லை. அந்த மாடல் 1920கள் வரை விற்பனையில் இருந்தது. மொத்தம் ஏழு லட்சத்துக்கும் மேல். பழைய குழல்களின் மேல் 1860 அக்டோபர் 16 என்று ஒரு தேதியும் பொறித்திருக்கும். அது காப்புரிமை வாங்கிய நாள், துப்பாக்கி பிறந்த நாள் அல்ல. பிறந்த நாளைச் சொல்வது வரிசை எண். 1873 மாடலில் அது விசைக்குப் பின்னால் கட்டையை ஒட்டி நீளும் இரும்பு நாக்கின் அடியில் இருக்கும். 1892, 1894 மாடல்களில் இரும்புச் சட்டத்தின் அடிப்பக்கம், முன்னால் இருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் எண் தனி வரிசை. அதனால் முதலில் மாடலை அடையாளம் கண்டு, பிறகுதான் எண்ணை ஏட்டோடு ஒப்பிட வேண்டும். மார்லின் என்ற இன்னொரு கம்பெனி 1973 முதல் வேறு கணக்கு வைத்திருந்தது. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை நூறிலிருந்து கழிக்க வேண்டும். 27 என்று தொடங்கினால் 73, அதாவது 1973.

வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலை ஏடுகள் வயோமிங் மாநிலம் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூர்வகுடி மக்களைக் கூட்டிவந்து அரங்கில் காட்சி நடத்திய பஃபலோ பில்லின் பெயர் தாங்கிய இடம் அது. எண்ணைக் கொடுத்தால், அந்த எண் என்றைக்குப் பொறிக்கப்பட்டது, துப்பாக்கி என்றைக்குக் கிடங்குக்கு வந்தது, என்றைக்கு வெளியே போனது, குழல் வட்டமா எட்டுப்பட்டையா என்று ஏட்டில் இருப்பதைச் சொல்வார்கள். இந்தத் தேதிகளே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதுண்டு. எண்ணை முதலில் இரும்புச் சட்டத்தில் அடித்துவிடுவார்கள், துப்பாக்கி முழுதாகச் சேர நாளாகும். எல்லா எண்ணுக்கும் ஏடும் இல்லை, பல அழிந்துவிட்டன. இருந்தாலும் ஓர் இரும்புக்கு இத்தனை கவனிப்பு. 1898 முடிவதற்குள் செய்ததென்று எண் சொன்னால் அமெரிக்கச் சட்டத்தில் அது பழம்பொருள். ஓர் எண்ணை நம்பிச் சட்டமே இறங்கி வருகிறது!

படித்துக்கொண்டே போனபோது அம்மாச்சி ஞாபகம் வந்தது. அதே நாட்டில் 1850லும் 1860லும் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். எசமானன் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவுதான். அடிமையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. விடுதலை பெற்ற மக்கள் எல்லாரும் பெயரோடு ஏறியது 1870 கணக்கில்தான். 1866இல் பிறந்த துப்பாக்கிக்கு எண் இருக்கிறது. அன்றைக்கு அதைக் கையில் வாங்கிய ஒரு கறுப்பர், முந்தின வருசம்வரை அடிமையாக இருந்திருந்தால், அவர் பெயரை முந்தைய கணக்கில் தேடி எடுக்க முடியாது.

எண் எவ்வளவு தூரம் கூட வரும் என்பதற்கு ஒரு சம்பவம். 2014 நவம்பரில் நெவாடா மாநிலத்து கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஆய்வுக்குப் போன பணியாளர்கள் ஜூனிபர் மரத்தில் சாய்ந்திருந்த ஒரு துப்பாக்கியைப் பார்த்தார்கள். கட்டை வெளுத்து வெடித்து அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. குழல் துருவேறி மரத்தோடு மரமாக இருந்தது. 1873 மாடல் வின்செஸ்டர். எண்ணை ஏட்டில் பார்த்ததில், 1882இல் செய்து அனுப்பியது என்று தெரிந்தது. அந்த ஒரே வருசத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். விலையும் ஐம்பது டாலரிலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கி, ஏழைபாழையும் வாங்கும்படி ஆகியிருந்தது. சாய்த்து வைத்தவர் யார்? சுரங்கக்காரரா, ஆடு மேய்த்தவரா, அந்த மண்ணுக்குச் சொந்தமான ஷோஷோனி மக்களில் ஒருவரா? ஏன் திரும்பி வரவில்லை? ஏட்டில் அதற்குக் கட்டமே இல்லை. 1894 மாடலின் பத்து லட்சமாவது துப்பாக்கி யார் கைக்குப் போனது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். 1927இல் அதைக் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். மெம்பிஸில் வாசலுக்குப் பின்னால் துப்பாக்கியோடு விடிய விடிய முழித்திருந்தவர் பெயரை எந்தக் கிடங்குக் கணக்கும் எழுதவில்லை.

அப்படியானால் ஏட்டில் இல்லாதவரை அடையாளம் காணவே முடியாதா? முடியும். அதற்கும் அந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், லக்கோட்டா, செயன் மக்கள் கஸ்டரின் படையைத் தோற்கடித்தார்கள். வெள்ளையர் வரலாறு அதைக் கஸ்டரின் வீரமரணமாகவே எழுதியது. போரிட்டவர்கள் வாய்விட்டுச் சொன்னதைக் கிழவர்கள் கதை என்று ஒதுக்கினார்கள். 1983இல் அந்தப் புல்வெளி தீப்பற்றித் தரை தெரிந்தது. 1984, 1985 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அடிக்கு அடி தேடித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கினார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் கூட்டின் பின்புறம் தனக்கென ஒரு தடம் பதிக்கும், கைரேகைபோல. அந்தத் தடங்களை வைத்து, எந்தத் துப்பாக்கி எங்கே சுட்டது, எங்கே நகர்ந்தது என்று வரைந்துவிட்டார்கள். ஹென்றி, வின்செஸ்டர் லீவர் துப்பாக்கிகள் பூர்வகுடி மக்கள் கையில் ஏராளமாக இருந்திருக்கின்றன. படைவீரன் கையில் ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் ஸ்பிரிங்ஃபீல்டு. கிழவர்கள் சொன்னது பல இடங்களில் மண்ணோடு ஒத்துப்போனது. நூறு வருசம் கழித்து!

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப எண்ணு பாதிதான்னு சொல்லுங்க" என்றான். ஆமாம், பாதிதான். எண் இரும்பு பிறந்த நாளைச் சொல்லும். அதைப் பிடித்த கை யாருடையது என்பதைத் தரையில் கிடப்பதும் வாயில் இருப்பதும்தான் சொல்ல வேண்டும். அம்மாச்சி சொன்ன புயலும் அப்படி ஒரு தடம்தான். படிக்கத் தெரியாதவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

அம்மாச்சி 2016இல் செத்துப்போனாள். இறப்புச் சான்றிதழிலும் ரேஷன் கார்டு வயசைத்தான் எழுதினார்கள். இப்போது படிப்பகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். காலனிப் பெரியவர்களிடம் வயசைக் கேட்பதில்லை. புயலப்ப நீங்க எம்புட்டு உசரம், ஊருணி வெட்டுனப்ப கல்யாணம் ஆயிருச்சா, பள்ளிக்கூடத்துல யாரு உங்களைத் தனியா உக்கார வச்சாங்க என்று கேட்கிறோம். சொல்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே, அவர்கள் பேச்சிலேயே எழுதுகிறோம். முதல் பக்கத்தில் அம்மாச்சி பெயர் இருக்கிறது. அதன் எதிரே, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருசம் மூத்த மகள் கைப்பிள்ளை என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கைப்பிள்ளை என் அம்மா.