காற்றுக்குக் கட்டிய கொட்டகை

மலையடிவாரத்தில் இருக்கும் நம் மம்சாபுரத்துக்குக் காற்று புதிதல்ல. வருடத்தில் மூன்று விதமாக வரும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் பத்து நிமிடம் சுழன்றடிக்கும். குலை தள்ளிய வாழையெல்லாம் அதில்தான் சாயும். ஆனி முதல் ஆவணி வரை, மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்கும் மேல்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் புயலின் வால். "புயலெல்லாம் கடற்கரைக்காரர்களுக்கு" என்று நாம் சொல்வதுண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுக் கொடைக்கானல் வரை வந்து மரங்களை முறித்தது. அங்கிருந்து நம் ஊர் வெகுதூரமில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. முழங்கால் வலி வந்தபின் அவளால் மாடி ஏற முடிவதில்லை. சாயந்தரம் உட்கார்ந்து பூத்தொடுக்கவும் மலையைப் பார்க்கவும் தரையிலேயே ஓர் இடம் கேட்டாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும் என்று முடிவானது.

வெல்டிங் தம்பி வந்து பார்த்தார். "அண்ணாச்சி, நாலு பைப்பை நட்டு மேல தகரத்தைப் போட்ருவோம். ஒரு அடிக் குழி போதும். ரெண்டு நாள் வேலை" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் உண்டு. முந்தின வைகாசியில் பக்கத்துத் தெருவில் ஒரு மாடித் தகரம் பறந்து, மூன்று வீடு தாண்டி மாட்டுத் தொழுவத்தில் விழுந்தது. சினைப்பசு ஒன்றுக்கு முதுகில் நீளமாக வெட்டு. பத்து நிமிடம் முன்னால்தான் அந்த வீட்டுப் பிள்ளை அங்கே சாணி அள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்புறமும் ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அதில் வயதான ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். மேல்காற்றில் எங்கள் கூரை கிளம்பினால் அங்கேதான் போய் விழும்.

கூரை என்றால் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்கு ஆபத்து கீழிருந்து வருகிறது. உள்ளே புகுந்த காற்று மேலே தள்ளும். கூரைக்கு மேல் ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கும். விரித்த குடை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவது இதனால்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை 875, மூன்றாம் பகுதியில் ஊருக்கு ஊர் காற்றின் வேகம் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர். மதுரைக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்தக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. எங்கள் கூரையோ 11 சதுர மீட்டர். தோராயக் கணக்கில் ஒரு டன் மேல்நோக்கி இழுக்கும். தகரத்தின் எடை மொத்தமும் ஐம்பது கிலோ அளவுதான்!

கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப குழியைப் பெருசாக்கிருவோம் அண்ணாச்சி" என்றார். ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் மூன்றடி ஆழம். அதை நிரப்பிய கான்கிரீட்டே 450 கிலோ வரும். நாலு தூணுக்கும் சேர்த்து 1,800 கிலோ. பைப்பின் அடியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்து, கான்கிரீட்டுக்குள் புதைத்தோம். தூணும் மேல்சட்டமும் சேரும் மூலைகளில் சாய்வுக் கம்பி கொடுத்தோம். கூரையை நாலு பக்கமும் சரிவாக, ஏறக்குறைய 30 டிகிரியில் அமைத்தோம். எந்தத் திசைக் காற்றும் சரிவில் ஏறிப் போய்விடும். வெளியே நீட்டிய ஓரம் ஒரு அடிக்கு மேல் இல்லை.

மேலே தகரம் வேண்டாம், தென்னங்கீற்றுதான் என்றேன். வெயிலுக்கும் குளுமை. கயிற்றால் இறுகக் கட்டி, மேலே நைலான் வலையைப் போர்த்திச் சட்டத்தோடு கட்டிவிட்டோம். அதையும் மீறிக் காற்று பிய்த்தால் கீற்று போகும், சட்டம் நிற்கும். பறக்கிற கீற்று யாரையும் தகரம்போல வெட்டாது.

கீற்றிலும் கஷ்டம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். தீக்கும் பயப்பட வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றி 94 பிள்ளைகள் போனதை நம்மில் யார் மறக்க முடியும்? அதனால் அந்தக் கொட்டகையில் விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கிடையாது. வெந்நீர் அடுப்பையும் வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டோம்.

கொட்டகை போட்டு இரண்டு ஆடி கடந்துவிட்டது. முதல் ஆடியில் ஓரக் கீற்று கொஞ்சம் பிய்ந்தது. தூண் அசையவில்லை. கீழ்வீட்டு ஆச்சிதான் இப்போது சாயந்தரங்களில் என் மனைவிக்குப் பூத்தொடுக்கத் துணை.

ஏற்கெனவே தகரம் போட்டிருப்பவர்கள் அதைப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பங்குனியில் ஒருநாள் பேரனை ஏணியில் ஏற்றி, போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா, வாஷர் இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தகரத்தின் மேல் பாரத்துக்கு வைத்த செங்கல்லையும் டயரையும் முதலில் இறக்கிவிடுங்கள். காற்று வந்தால் தகரத்தோடு அவையும் சேர்ந்துதான் அடுத்த வீட்டுக்குப் போகும்.