இரண்டு குழாய், ஒரு பார்வை

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே பலர் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பட்டாளத்தில் இருந்து வந்தவர் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். நிலம் அளக்கும் வேலை செய்யும் என் நண்பர், “துப்பாக்கி தூக்கினவங்களப் பத்தி நெறையப் பேரு எழுதிட்டாங்க. அந்தத் துப்பாக்கிக்குக் கண்ணு வச்சுக் குடுத்தவர் ஒருத்தர் இருக்கார், வாங்க” என்று ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார். நண்பருடைய ஆட்டோ லெவல் என்ற அளவைக் கருவியைப் பழுது பார்ப்பவர் அவர்தான். ஓய்வு பெற்ற ஹவில்தார். இ.எம்.இ.யில் இன்ஸ்ட்ரூமென்ட் மெக்கானிக்காக இருந்தவர்.

ராணுவத்தின் வண்டி, பீரங்கி, ரேடார், வயர்லெஸ், தொலைநோக்கி எல்லாவற்றையும் பழுது பார்க்கும் படைப்பிரிவு இ.எம்.இ. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் தொடங்கப்பட்டது. எதிரியைச் சுட்ட கதை இவர்களிடம் அதிகம் இருக்காது. அதனாலேயே ஊரில் இவர்களை உட்கார வைத்துக் கதை கேட்பவர்களும் குறைவு.

செகந்திராபாத்தில் ரெக்ரூட் பயிற்சி, பிறகு பரோடா இ.எம்.இ. பள்ளியில் தொழில். பரோடா என்றதும் அவர் முதலில் சொன்னது அங்கிருக்கும் தட்சிணாமூர்த்தி கோயிலைப் பற்றி. 1966-இல் படையினர் கட்டியது. அலுமினியத் தகடு போர்த்திய கூரை. அதற்குத் திட்டம் போட்டவர் யூஜின் என்ற கிறிஸ்தவ பிரிகேடியர். “படிக்கப் போற எடத்துல வாத்தியார் சாமி. நம்ம ஊர்ல வியாழக்கெழமை கொண்டக்கடல மாலை போடுவோமே, அவரேதான் சார்” என்றார்.

வீட்டின் பின்கட்டில் ஒரு சிறிய அறைதான் பட்டறை. ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தது. மேஜையில் வெள்ளைத் துணி, ஒட்டக முடி பிரஷ், ரப்பர் ஊதுகுழல், ஷாமாய் தோல், ஈதரும் ஆல்கஹாலும் கலந்த சின்ன புட்டி. வேலூர் வெயிலில் ஃபேன் ஓடவில்லை. காற்று அடித்தால் தூசி கண்ணாடியில் உட்கார்ந்துவிடும். நெற்றி வியர்வையை முழங்கைத் துணியில் ஒற்றிக்கொண்டே வேலை செய்கிறார். விரல் லென்ஸின் விளிம்பைத் தவிர வேறெங்கும் படுவதில்லை.

அன்று மேஜையில் இருந்தது பறவை பார்க்கும் ஒருவருடைய பழைய 7x50 பைனாகுலர். ஏழு மடங்கு பெரிதாக்கும். முன்லென்ஸின் விட்டம் 50 மில்லிமீட்டர். 50-ஐ ஏழால் வகுத்தால் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி விரிகிற அளவும் அதுவே. இரவுக் காவலுக்கு இந்த அளவு பைனாகுலர் ஏன் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

பிரிசத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. பூஞ்சை. ஈரக்காற்று உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால் வருவது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளிலும் நியூ கினியிலும் இதுவே படைகளின் கருவிகளைக் குருடாக்கியது. துடைத்தால் இழை போய்விடும். அது கக்கிய அமிலம் கண்ணாடியை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. இந்தப் பிரிசம் தப்பியது.

பட்டாளத்தில் இருந்தபோது லடாக்கில் கண்ட தொல்லை வேறு மாதிரி. குளிரில் கிரீஸ் இறுகி ஃபோகஸ் வளையம் திரும்பாது. காவல் அரணிலிருந்து கொண்டுவரும் கருவியைச் சூடான கூடாரத்துக்குள் வந்தவுடன் திறந்தால் உள்ளே முழுக்கப் பனித்துவிடும். மூடியபடியே மணிக்கணக்கில் வைத்து, கூடாரத்தின் சூட்டுக்கு அது வந்த பிறகே திருகில் கை வைப்பார்கள். “ஆபீசர் அவசரப்படுவாரு. நாம அவசரப்படக் கூடாது.” ராஜஸ்தானில் மணல். திருகு மரையில் ஒரு துகள் புகுந்தாலும் கையில் அந்த நறநறப்பு தெரியும் என்றார்.

ஆனால் அவருடைய உயிர் இருப்பது கோலிமேஷனில். பைனாகுலரின் இரண்டு குழாய்களும் ஒரே திசையை நோக்க வேண்டும். கீழே விழுந்து ஒரு பிரிசம் இம்மியளவு நகர்ந்தாலும் இரண்டும் வெவ்வேறு இடத்தைப் பார்க்கும். “கண்ணு ரொம்ப நல்லது சார். கோணலா இருந்தாலும் இழுத்துப் புடிச்சு ஒண்ணாக்கிக் காட்டிரும். அதான் ஆபத்து.” பக்கவாட்டுப் பிசகை ஓரளவு கண் சமாளிக்கும், ஏனென்றால் அருகில் பார்க்க இரு கண்ணும் உள்நோக்கித் திரும்பிப் பழகியவை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அதிகம் திரும்ப அவற்றால் முடியாது. காவலில் நிற்பவனுக்குக் கருவி பழுது என்றே தெரியாது. சிறிது நேரத்தில் தலை வலிக்கும், கண் நீர் கோக்கும், கருவியைக் கீழே வைத்துவிடுவான். அவன் பார்க்காத அந்த நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் இதற்குக் கோலிமேட்டர் உண்டு. இங்கே அவரே செய்துகொண்டார். கழித்துக் கட்டிய தியோடலைட் என்ற நில அளவைக் கருவிகள் இரண்டின் தொலைநோக்கிகளை வெகுதூரக் காட்சிக்கு ஃபோகஸ் செய்து, ஒரு இரும்புச் சட்டத்தில் இணையாகப் பூட்டி, பின்னால் எல்.இ.டி. வைத்திருக்கிறார். உள்ளே இருக்கும் குறுக்குக்கோடு, அடிவானத்தில் நிற்கும் பொருள்போல வெளியே வருகிறது. இரண்டும் இணைதானா என்று தொலைவில் தெரியும் செல்போன் டவர் உச்சியை வைத்துச் சோதித்துக்கொள்கிறார். பைனாகுலரை எதிரே பொருத்தியபின் இரு கண்ணாலும் பார்ப்பதே இல்லை. பின்னால் ஒரு சிறு துணைத் தொலைநோக்கியை இடமும் வலமும் நகர்த்தி, கோடு எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு பக்கமாகக் குறித்துக்கொள்கிறார். முன்லென்ஸைச் சுற்றி மையம் விலகிய இரண்டு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. அவற்றை ஒன்றுக்கெதிராக ஒன்றைத் திருப்பத் திருப்ப, லென்ஸ் மயிரிழையாக நகர்கிறது. என்னைப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கக் கோடு மெல்ல ஏறி வந்து அளவுகோட்டின் மேல் படிந்தது.

எலெக்ட்ரானிக்ஸ் பற்றியும் சொன்னார்; பாதி எனக்குப் பிடிபடவில்லை. இரவுப் பார்வைக் கருவி மட்டும் விளங்கியது. நட்சத்திர வெளிச்சத்தை எலெக்ட்ரானாக மாற்றி, பெருக்கி, பச்சைத் திரையில் காட்டும் ட்யூப். அது போனால் போனதுதான், மாற்ற வேண்டும். “அதுல நம்ம கைக்கு வேல கம்மி சார்.”

அவர் கைக்கு வேலை இல்லாமல் போனதற்கு ட்யூப் மட்டும் காரணம் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. 20 வருடத்துக்கு மேல் அரசு செலவழித்து வளர்த்த கண்ணும் கையும் அவை. ஓய்வு பெற்று வந்தவரை வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி எங்கே நிறுத்தியது தெரியுமா? ஏ.டி.எம். வாசலில். எக்ஸ் சர்வீஸ்மேன் என்றால் செக்யூரிட்டி. அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் அக்கறை இல்லை. சம்பளத்திலும் ஏஜென்சி பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு இந்தப் பட்டறையைப் போட்டார். கல்லூரிகள் மைக்ராஸ்கோப்பையும் லெவலையும் பராமரிக்க வருட ஒப்பந்தம் போடுகின்றன. ஒப்பந்தம் சப்ளையருக்கு. சப்ளையரிடம் லென்ஸைத் திறக்கத் தெரிந்தவர் இல்லை. கருவிகள் அட்டைப் பெட்டியில் இந்தக் கிராமத்துக்கு வருகின்றன. கல்லூரி கட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இவருக்கு வருவதில்லை. பில்லில் இவர் பெயர் கிடையாது. நேரடியாகக் கேட்டால் ஜி.எஸ்.டி. நம்பர், மூன்று வருட டர்ன்ஓவர், முன்பணம் என்று நிபந்தனை வைக்கிறார்கள். வேலை தெரியுமா என்று கேட்கும் வரி அந்த டெண்டர் படிவத்தில் எங்கும் இல்லை. பெட்டியைத் தூக்கிக் கைமாற்றுகிறவனுக்குப் பெரும்பங்கு, திறந்து சரி செய்கிறவனுக்குத் துண்டுக்காசு என்பதை வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

எனக்குத் தெரிந்த விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சின்னத் தொகைக்கு டெண்டர் வேண்டியதில்லை, துறைச் செலவிலேயே தரலாம் என்றார். பூஞ்சை பிடித்த மைக்ராஸ்கோப்புகளை ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் நேரடியாக இவரிடம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஹவில்தார் கேட்டது ஒன்றுதான்: “பிளாஸ்டிக் கவர்ல கட்டி அனுப்ப வேணாம்னு சொல்லுங்க சார். உள்ள ஈரம் நிக்கும்.”