கனம்

திருத்தணி வழியாகத் திருப்பதி சாலையில் டிரெய்லர்மேல் போகும் பொக்லைனை எங்களூரில் பார்க்காதவர் இல்லை. (பொக்லைன் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அதை ஆரம்பித்தவர் ஜார்ஜ் பத்தாய். நாம் படிக்கும் எழுத்தாளர் பத்தாய் வேறு ஆள். கிராமங்கள்வரை எட்டியிருப்பது இவருடைய காரியம்தான்.)

இருபது டன் இரும்பு தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்காதா, கட்டுவானேன் என்று, தவணை கட்ட வங்கிக்கு வந்த டிரைவரிடம் கேட்டேன். "பிரேக் போட்டா வண்டிதான் சார் நிக்கும். அது நிக்காது."

சுத்தமான பௌதிகம். கனம் கூடினால் உராய்வு கூடுகிறது. நிறுத்தத் தேவையான விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. 2 டன்னோ 20 டன்னோ, இரும்பின்மேல் இரும்பு ஒரே மாதிரித்தான் வழுக்கும். 'கனமான விஷயம்' என்று ஒரு நாவலைப் பாராட்டி, அத்தோடு முடித்துக்கொள்கிற நம் விமர்சகர்கள் இதை யோசிக்கலாம்.

ஆகவே தளத்தில் மரப்பலகை. கையை மடக்கி, பக்கெட்டைத் தளத்தில் ஊன்றி, மேல்பாகம் சுழலாதபடி பூட்டி, நான்கு மூலைக்கும் சங்கிலி. கொஞ்ச தூரம் ஓடியதும் இறங்கி மறுபடி இறுக்கவேண்டும். அதிர்வில் பலகை அமுங்கிச் சங்கிலி தொய்ந்திருக்கும். முன்னால் சரிந்தால் முதலில் அகப்படுவது டிரைவரின் முதுகு.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். நேரத்துக்கு வாடகை கிடையாது. "நகரிதானே, ரெண்டு சங்கிலி போதும்" என்பாராம் முதலாளி. அவர் பின்னால் காரில் வருவார்.