யாம் கண்ட புதிய அச்சுக்கூடம்

எழுத்து அழியாதென்பர். ஆயினும், எழுத்தைத் தாங்கும் பொருள் அழியுங்கால் எழுத்தும் உடன் அழிதல் கண்கூடு. ஏட்டைச் செல்லரிக்கும், தாளை நீர் கெடுக்கும். வலைத்தளத்திற்கும் அத்தகைய கேடுண்டென்பதை அண்மையில் அறிந்தோம்.

எமக்கு முன் பயின்ற மாணவர் சிலர் தம் கட்டுரைகளையும் செய்யுட்களையும் ஒரு வலைத்தளத்தில் வெளியிட்டு வந்தனர். அவர்கள் கல்லூரி நீங்கிய பின், தளத்தை இயக்கிய மென்பொருளைப் புதுப்பிப்பார் இலராயினர். தரவுத்தளம் பழுதுற்றது, ஒருநாள் தளமே திறவாதொழிந்தது. எழுதியவருட் பலர் கையிலும் படியில்லை.

எம் எழுத்திற்கும் இக்கதி நேராவண்ணம் வழி தேடுங்கால், நிலைத்தளம் ஆக்கும் கருவிகளைக் கண்டோம். தரவுத்தளத்தை நம்பிய தளங்களில், படிப்பவர் கேட்குந்தோறும் சேவையகம் செய்திகளைத் திரட்டிப் பக்கத்தை ஆக்கியளிக்கும். நிலைத்தளமோ அச்சிட்ட நூல் போல்வது. ஒருமுறை கோத்து முடித்த பக்கங்களே யாவர்க்கும் செல்லும். 2008இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் வெளியிட்ட ஜெக்கில், 2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியா தொடங்கிய ஹியூகோ என்பன இவ்வகைக் கருவிகளுட் சில. யாம் தேர்ந்தது ஹியூகோ.

இதனைக் கட்டளைகளைத் தட்டெழுதியே இயக்குதல் வேண்டும். தமிழ் பயில்வார்க்கு இஃது எற்றுக்கு என நண்பர் நகைத்தனர். கட்டளைகளோ மிகச் சில. தமிழில் ஏவல் வினை இறுதியில் நிற்கும். ஈண்டோ கருவியின் பெயரும் ஏவலும் முன்னிற்க, ஆக்கப்படும் பொருளின் பெயர் பின்வரும். 'ஹியூகோ நியூ சைட்' என்றெழுதித் தளத்திற்கொரு பெயர் சேர்ப்பின், வேண்டிய கோப்புறைகள் தோன்றும். தோற்றத்திற்குரிய 'தீம்' ஒன்றைத் தேர்ந்தமைத்தல் அடுத்த பணி.

கட்டுரைகளை மார்க்டவுன் என்னும் எளிய முறையில் எழுதலாம். சொல்லின் இருபுறமும் இவ்விரண்டு உடுக்குறி இடின், அது தடித்த எழுத்தாகும். கோப்பின் தலைப்பகுதியில் தலைப்பு, நாள் என்பவற்றோடு 'வரைவு' என்னும் குறிப்பும் உண்டு. அது 'மெய்' என்றிருக்குங்காறும் கட்டுரை வெளிவாராது. 'பொய்' எனத் திருத்திய பின்னரே அரங்கேறும். பொய் சொல்லி அரங்கேறும் நூல் இஃதொன்றேயெனப் பேராசிரியர் ஒருவர் நகையாடினார்.

யாம் முதலில் அரங்கேற்றியது எம் எழுத்தன்று. மறைந்த தளத்திலிருந்த செய்யுளொன்றை அண்ணன் ஒருவர் தம் கைபேசியிற் படமெடுத்து வைத்திருந்தார். அதனை எழுத்தெழுத்தாய்த் தட்டெழுதி, 'ஹியூகோ சர்வர்' எனக் கட்டளையிட்டோம். எம் கணினியின் 1313 என்னும் எண்ணுடைய வாயிலில் அச்செய்யுள் மீண்டும் தோன்றியது. அதனை இயற்றிய அக்காவிற்குக் காட்டியபோது, அவர் நெடுநேரம் வாய்திறந்திலர்.

நிற்க. 'ஹியூகோ' என்று மட்டும் கட்டளையிடின், முடிந்த பக்கங்கள் 'பப்ளிக்' என்னும் கோப்புறையிற் சேரும். அதனை எச்சேவையகத்திலும் ஏற்றலாம். சேவையகம் கெடினும், கருவியே வழக்கொழியினும், மூலக்கோப்பு எளிய எழுத்தாதலின் எக்கணினியிலும் படிக்கலாகும். வேண்டும் படிகள் எடுக்கலாகும்.

படியெடுத்தலின் பயன் நாம் அறியாததன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, பலவிடத்தும் கிடைத்த ஏட்டுப் படிகளை ஒப்புநோக்கியே. அப்படிகளை எழுதியோருட் பலர் பெயர் இன்று நமக்குத் தெரியாது. அவர் கைத்தொழிலோ நிலைத்தது. ஆதலின், தோழர்காள்! எழுதுமின், எழுதியதற்குப் படியும் எடுத்து வைம்மின். நமக்குப்பின் வருவார் தேடுங்கால், அவர் கைக்கு ஒரு படியேனும் எட்டுவதாக!