முதல்ல வாட், கடைசியில கலர்

வாட்டர் கூலிங்னு சொன்னதும் எல்லாருக்கும் ஒரே படம்தான் ஞாபகம் வரும். கண்ணாடி கேபினெட், ஸ்கேல் வெச்சு வளைச்ச மாதிரி குழாய், உள்ளே நீலமோ ஊதாவோ கலர் தண்ணி, சுத்திலும் லைட்டு. அந்தப் படத்தைப் பார்த்து பார்ட்ஸ் வாங்க ஆரம்பிச்சா காசு பாதியிலேயே தீர்ந்துடும். நான் எதை முதல்ல முடிவு பண்ணேன், எதைக் கடைசிக்குத் தள்ளினேன், ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. ரூமுக்கு வர்ற ஜூனியர்ஸ் எல்லாரும் இதையே கேக்கறதால, ஒரே தடவையா எழுதிடறேன்.

முதல் கேள்வி: இது தேவையா?

நான் மெக்கானிக்கல். எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மின்சார ஸ்கூட்டரோட பேட்டரி பேக்கைக் காற்றால் குளிர்விக்கறது பத்தி. ஓப்பன்ஃபோம்ல ஒரு சிமுலேஷன் முடிய ஆறேழு மணி நேரம் ஆகும். வர்ற டேட்டாவை வெச்சு கிராஃபிக்ஸ் கார்டுல ஒரு நியூரல் நெட்வொர்க்கை ட்ரெயின் பண்ணணும். அதனால மெஷின் ராத்திரி முழுக்க ஓடும். ரூம்ல நாங்க மூணு பேர். மேலே மொட்டை மாடி. ஏப்ரல்ல ராத்திரி பதினோரு மணிக்கும் ரூம் 34 டிகிரி. ஃபேன் எல்லாம் முழு வேகத்துல கத்தும். ஒருத்தனுக்குக் காலையில கேம்பஸ் இன்டர்வியூ, இன்னொருத்தனுக்குத் தலைவலி. "மச்சி, ஒண்ணு அது தூங்கணும், இல்ல நாங்க தூங்கணும்"னு சொல்லிட்டாங்க. சிமுலேஷனை நிறுத்தினா ரெண்டாவது ரிவ்யூவுக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். ப்ராசஸரை மட்டும் குளிரவைக்க நாலாயிரம் ரூபாய் ரெட்டை டவர் ஏர் கூலரே போதும். எங்க ரூம்ல அதிகமா கத்தினது கிராஃபிக்ஸ் கார்டோட சின்ன ஃபேன்கள். அதுக்குப் பெரிய ஏர் கூலர் மாட்ட வழி இல்ல. ரெண்டையும் ஒரே தண்ணியில சேர்த்து, பெரிய ஃபேனை மெதுவா சுத்த விட்டா சத்தம் குறையும். எனக்கு இருந்த ஒரே நல்ல காரணம் அதுதான். நீங்க தனி ரூம்ல இருந்தா, இல்ல பகல்ல மட்டும் கேம் ஆடறவரா இருந்தா, அந்த நாலாயிரத்தோட நிறுத்திக்கலாம்.

நோட்டுல முதல் பக்கம்: எத்தனை வாட்?

ப்ராசஸர் ரைசன் 9 5900எக்ஸ். பெட்டியில 105 வாட்னு போட்டிருக்கும். ஆனா போர்டு அதை 142 வாட் வரைக்கும் இழுக்க விடும், கணக்குக்கு எடுக்க வேண்டியது அதைத்தான். கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஆர்டிஎக்ஸ் 3070, அது 220 வாட். மொத்தம் 362 வாட். இந்த ஒரு நம்பர் கிடைச்ச பிறகுதான் மத்த எல்லா முடிவுக்கும் ஒரு பிடி கிடைச்சுது.

தேர்ட் இயர்ல ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பருக்காக மனப்பாடம் பண்ண ஃபார்முலாவை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,186 ஜூல் வேணும். பம்ப் நிமிஷத்துக்கு 3 லிட்டர் தள்ளுதுன்னு வெச்சுக்குவோம். அதாவது வினாடிக்கு 50 கிராம். 362 வாட்டையும் அந்தத் தண்ணி வாங்கிக்கிட்டா, உள்ளே போற தண்ணிக்கும் வெளியே வர்ற தண்ணிக்கும் வித்தியாசம் எவ்வளவு? வெறும் 1.7 டிகிரி.

இந்தக் குட்டி நம்பர் ஒரு பெரிய சண்டையை முடிச்சு வெச்சிடுது. தண்ணி முதல்ல ப்ராசஸருக்குப் போகணுமா, கார்டுக்குப் போகணுமா, நடுவுல ரேடியேட்டர் வேணுமான்னு ஆளாளுக்கு அடிச்சுக்குவாங்க. எந்த வரிசையில போனாலும் வித்தியாசம் அந்த ஒண்ணு ரெண்டு டிகிரிக்குள்ளதான். அதனால குழாய் எப்படிச் சுருக்கமா போகுமோ அப்படி விட்டுடலாம். மீற முடியாத விதி ஒண்ணே ஒண்ணு: ரிசர்வாயர் பம்புக்கு முன்னாடி, அதைவிட உயரத்துல இருக்கணும். பம்போட பேரிங்குக்கு மசகே அந்தத் தண்ணிதான், காய்ஞ்சு ஓடினா போச்சு.

அதே கணக்கு இன்னொண்ணும் சொல்லுது. லூப்ல மொத்தம் ஒரு லிட்டர் தண்ணி இருக்குன்னா, ரேடியேட்டர் இல்லாம அது 10 டிகிரி ஏற ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. பெரிய ரிசர்வாயர் வாங்கினா சூடு ஏறறது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தண்ணி சூட்டை வாங்கி எடுத்துட்டுப் போகும். இறக்கி வைக்கிற இடம் ரேடியேட்டர். காசு போட வேண்டியதும் அங்கேதான்.

ரேடியேட்டர்

வழக்கமா சொல்ற தோராயக் கணக்கு, ஒரு 120 மி.மீ ஃபேன் அளவுக்கு 100 வாட். எனக்கு நாலு ஃபேன் அளவு கட்டாயம், சத்தம் குறையணும்னா அஞ்சு. அதனால முன்பக்கம் ஒரு 360, மேலே ஒரு 240. வாங்கறதுக்கு முன்னாடி கேபினெட்டைத் திறந்து ஸ்கேல் வெச்சு அளந்தேன். முன்னாடி ரேடியேட்டர் 45 மி.மீ, ஃபேன் 25 மி.மீ, மொத்தம் 70 மி.மீ. கார்டோட நுனி அதுல இடிக்கக்கூடாது. மேலே அவ்வளவு இடம் இல்லாததால 27 மி.மீ மெலிசு.

தகடுகள் ரொம்ப நெருக்கமா இருக்கற ரேடியேட்டரைத் தவிர்த்தேன். அதுல காத்தைத் தள்ள ஃபேன் வேகமா சுத்தணும், அப்போ சத்தம் திரும்ப வந்துடும். எங்க ரூம் ஜன்னல் மெயின் ரோட்டைப் பார்த்தது. தூசி அடைச்சாலும் ஒரு பிரஷ்ஷால தட்டிவிட முடியணும்.

எந்த ரேடியேட்டரும் தண்ணியை ரூம் காத்தைவிடக் கீழே கொண்டுபோகாது. வெளிநாட்டுக்காரர் வீடியோவுல ரூம் 22 டிகிரி, நம்ம ரூம் 34. அவர் காட்டற நம்பரோட 12-ஐக் கூட்டிக்கிட்டுத்தான் நாம கனவு காணணும்.

உலோகம்

இந்த விஷயத்துல எனக்கு ஆசான் எங்க மாமா. நாமக்கல்ல லாரி ரேடியேட்டர் பட்டறை வெச்சிருக்கார். பார்ட்ஸ் லிஸ்ட்டை ஃபோன்ல வாசிச்சேன். பாதியில நிறுத்திட்டு, "எல்லாம் இருக்கட்டும் மாப்ள, தகடு செம்பா அலுமினியமா?"ன்னு கேட்டார். விலை குறைவா கிடைக்கற ரேடியேட்டர்ல பல அலுமினியம். பிளாக் பெரும்பாலும் செம்பு. ரெண்டையும் ஒரே தண்ணியில போட்டா நடக்கறது ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரிதான். செம்போட மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்தோடது −1.66. ரெண்டுக்கும் நடுவுல சரியா 2 வோல்ட். நாமளே ஒரு பேட்டரி கட்டி வெச்ச மாதிரி, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுப் போகும். செம்பு, பித்தளை, நிக்கல் மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கற உலோகங்கள், ஒண்ணா இருக்கலாம். அதனால லிஸ்ட்ல இருந்த ஒவ்வொரு பார்ட்டுக்கும் எதிர்ல உலோகத்தோட பேரை எழுதினேன். பேர் போடாத விற்பனையாளர்கிட்ட மெசேஜ் பண்ணிக் கேட்டேன். பதில் வராததை அடிச்சிட்டேன்.

தண்ணி விஷயத்துலயும் மாமா சொன்னதுதான்: "வெறும் போர் தண்ணி ஊத்தி ஓட்டற வண்டிதான் மாப்ள எனக்குச் சோறு போடுது." உப்புத் தண்ணி ஊத்தினா பிளாக்குக்குள்ள இருக்கற முடி அளவு சந்துல சுண்ணாம்பு படிஞ்சிடும். இன்வெர்ட்டருக்கு ஊத்தற பேட்டரி தண்ணி கடையில கிடைக்கும். பாட்டில்ல பலதும் டிமினரலைஸ்டுன்னு இருக்கும், உப்பு நீக்கினதுதான். நான் டிஸ்டில்டு தேடி வாங்கி, அரிப்பையும் பாசியையும் தடுக்கற மருந்தை அளவு பார்த்துக் கலந்தேன். கலர் போடல. ரிசர்வாயர்ல தண்ணி நிறம் மாறினா உடனே கண்ணுல படணும்.

பம்ப், பிளாக், ஃபிட்டிங், குழாய்

பம்புல ரெண்டு பிரபலமான வகை, டி5, டிடிசி. டிடிசி சின்னது, அழுத்தம் அதிகம், ஆனா கொஞ்சம் இரையும். டி5 பெருசு, அமைதி. நான் இதுல இறங்கினதே சத்தத்துக்காக, அதனால டி5 வகை.

ப்ராசஸர் பிளாக் பத்திப் பெரிய கவலை வேண்டாம், பிடிமானத்தை மாத்தினா அடுத்த போர்டுக்கும் போகும். கார்டு பிளாக் அப்படி இல்ல. ஒரே 3070-ன்னாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இருக்கற போர்டு வேற. கார்டோட முழு மாடல் நம்பர், போர்டு படம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காம வாங்கவே கூடாது. கார்டு போனா அந்த பிளாக்கும் கூடவே போகும்.

ஃபிட்டிங் எல்லாம் ஜி கால் இன்ச் திரெட். இது நம்ம வீட்டு பிளம்பர் கையில இருக்கற பிஎஸ்பி திரெட்டோட குடும்பம்தான், சின்ன சைஸ். குழாய் உள்ளே 10 மி.மீ, வெளியே 16 மி.மீ. ஃபிட்டிங்கும் அதே 10/16-ஆ இருக்கணும். கண்ணாடி மாதிரி இருக்கற கெட்டிக் குழாயை விட்டுட்டேன். சூடு காட்டி வளைக்கணும், ஒரு பார்ட் மாத்தினா திரும்ப வளைக்கணும். தெளிவான பிவிசி குழாய் நாளாக ஆக மங்கும். கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய் பார்க்க ஸ்கூட்டர் பெட்ரோல் ட்யூப் மாதிரிதான் இருக்கும். ஆனா மங்கற பிரச்சினையே இல்ல.

கணக்கு

இன்டர்ன்ஷிப்ல சேர்த்தது 35,000 ரூபாய். கார்டு பிளாக் 8,300, பம்பும் ரிசர்வாயரும் 7,900, 360 ரேடியேட்டர் 4,800, ப்ராசஸர் பிளாக் 4,200, 240 ரேடியேட்டர் 3,600. ஃபிட்டிங் ஒண்ணு 340, பன்னிரண்டு சேர்ந்து 4,080. குழாய் 700, தண்ணியும் மருந்தும் 900. மொத்தம் 34,480. ஃபேன் அஞ்சும் முன்னாடியே கையில இருந்துது. கவனிங்க, ரெண்டாவது ரேடியேட்டரைவிட ஃபிட்டிங்குக்கு அதிகம் போயிருக்கு. லிஸ்ட் போடும்போது யாரும் எண்ணாத பார்ட் அதுதான். பிளாக் ரெண்டு, ரேடியேட்டர் ரெண்டு, பம்ப் ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டுன்னு பத்து. தண்ணியை வடிக்க வால்வு வைக்கற இடத்துக்கு இன்னும் ரெண்டு.

ஒழுகினா?

அப்பா கேட்ட ஒரே கேள்வி, "கரண்டுக்குள்ள தண்ணியாடா?" சுத்தமான தண்ணியில கரண்ட் பாயாதுன்னு பதில் சொல்லித் தப்பிக்கலாம். ஆனா லூப்ல சுத்தின தண்ணி உலோகத்துலருந்து அயனியை எடுத்துக்கும், போர்டு மேல இருக்கற தூசியும் அதுல கரையும். அதனால தண்ணியை நம்பாம ஃபிட்டிங்கை நம்பற மாதிரி செய்யணும். மாமா பட்டறையில ரேடியேட்டரோட வாயை அடைச்சு, காத்தடிச்சு, தொட்டியில முக்கிக் குமிழ் வருதான்னு பார்ப்பாங்க. கம்ப்யூட்டரை முக்க முடியாது. அதனால மீட்டர் வெச்ச கைப்பம்பால 0.5 பார் அழுத்தம் ஏத்தி, முள் இறங்குதான்னு அரை மணி நேரம் பார்த்தேன். அப்புறம் தண்ணி ஊத்தி, போர்டுக்குக் கரண்ட் கொடுக்காம, பவர் சப்ளையோட பெரிய பிளக்ல பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைச்சு பம்பை மட்டும் ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பர். காலையில எல்லாப் பேப்பரும் காய்ஞ்சே இருந்துது.

இப்போ ரூம் 34 டிகிரின்னா, ரெண்டும் முழு லோடுல தண்ணி 44, கார்டு 57, ப்ராசஸர் 72. முன்னாடி ப்ராசஸர் அதோட உச்சவரம்பான 90-ஐத் தொட்டுக்கிட்டே இருக்கும். சீலிங் ஃபேன் ஓடினா மெஷின் சத்தம் கேக்காது. இன்டர்வியூக்காரன் தூங்கறான். ரெண்டாவது ரிவ்யூவுக்கு எல்லா ரன்னும் முடிஞ்சுது.

ஆனா சூடு எங்கேயும் மாயமாகல. 362 வாட்டும் ரூமுக்குள்ளதான் வருது. சும்மா உக்காந்திருக்கற ஒரு ஆள் சுமார் 100 வாட் சூடு விடுவான். மூணு பேர் ரூம்ல இன்னும் மூணரை பேர் வந்து தங்கின கணக்கு. அதுக்கு எந்தப் பார்ட்டும் கடையில இல்ல. மேசையை ஜன்னல் பக்கம் தள்ளி, காத்து வெளியே போற மாதிரி திருப்பி வெச்சோம்.

மே மாசம் ரூமைக் காலி பண்ணணும். வேலை எந்த ஊர்லன்னு இன்னும் தெரியல. தண்ணி நிறைஞ்ச கேபினெட்டை பஸ்ல கொண்டுபோக முடியாது. முதல்ல வடிக்கணும். அதுக்குத்தான் அந்த ரெண்டு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கும் வால்வும். லிஸ்ட் போடறவங்க அதை மட்டும் வெட்டிடாதீங்க.