கணக்கு எழுதிய கை

எங்கள் திருநெல்வேலிச் சீமைக் கோயில்களில் கல்யாணம் ஆகாதவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது. அசனத்தன்று வாளி தூக்குவது, கீத பவனிக்கு விடிய விடிய ஊர் சுற்றுவது, பெஞ்சு நகர்த்துவது, ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வாண்டுகளைக் கட்டி மேய்ப்பது எல்லாம் அவர்கள்தாம். பஞ்சம் நாற்காலிக்குத்தான். சேகரக் கமிட்டியில் பெயர் வரவேண்டுமானால், அதற்கு முன்னால் கோயிலில் கல்யாண ஓலை வாசித்திருக்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. எழுதாத சட்டத்துக்குத்தானே பலம் அதிகம்!

என் அண்ணன் மகளுக்கு 31 வயது. கூட்டுறவு வங்கியில் கணக்கு வேலை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போய் உட்கார்ந்தால், "மாப்பிள்ளை அமைஞ்சுதா?" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வாலிபர் சங்கத்துக்குப் போனாலோ எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். அக்கா, அக்கா என்று மரியாதை செய்தே ஒதுக்கிவிடுகிறார்கள். கோயிலில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே நடைபாதை ஒன்று உண்டல்லவா? அப்படி ஓர் இடம் அவளுக்கு. நடக்கலாம், உட்கார முடியாது.

சென்ற ஆண்டு அசனத்துக்கு அரிசி, பருப்பு, ஆடு, விறகு என்று வந்தது போனது அத்தனையும் அவள்தான் எழுதினாள். பைசா பிசகவில்லை. ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் அதை எடுத்து வாசித்தவர் வேறொரு பெரிய மனிதர். கத்தரிக்காய் விலையில் யாரோ சந்தேகம் கிளப்ப, அவருக்குப் பதில் தெரியவில்லை. வெளியே ஆள் அனுப்பி, வாசலில் நின்ற இவளைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொன்னார்களாம்.

"கணக்கு எழுத நான் ஆவேன் சித்தப்பா, கணக்குச் சொல்ல ஆகமாட்டேனாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு மனுவும் போட்டுவிட்டாள்.

கமிட்டிப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். "இன்னைக்கு இருப்பா, நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போயிருவா. நம்பிப் பொறுப்பைக் குடுக்க முடியுமாய்யா?" என்றார். கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சீமையின் சரித்திரம் அவருக்குச் சாட்சி சொல்ல வராது.

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, 1895-இல் வாலிபக் கிறிஸ்தவ சங்கத்துக்குச் செயலாளராகப் புறப்பட்டபோது வயது 21-க்கு மேல் இராது. கல்யாணம் 1898-இல்தான். 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்நின்றவர்களில் அவர் ஒருவர். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக ஆனபோதும் அவருக்கு 38 வயதுதான். "முதலில் குடும்பஸ்தன் ஆகிவிட்டு வா, தம்பி" என்று 1895-இல் யாராவது திருப்பி அனுப்பியிருந்தால்?

டோனாவூர் இன்னும் பக்கம். 1901-இல் அடைக்கலம் தேடி ஓடிவந்த ஒரு சிறுமியை ஏமி கார்மைக்கேல் ஏற்றுக்கொண்டபோது அவருக்கு 33 வயது; மணமாகாதவர். 1951-இல் கண்மூடும்வரை அப்படியே இருந்து, அத்தனை பெரிய குடும்பத்தை நடத்தினார். எங்கள் பெரியவர்கள் வெளியூர் விருந்தாளிகளை அழைத்துப்போய் டோனாவூரைப் பெருமையோடு காட்டுவார்கள். திரும்பி வந்து கமிட்டியில் உட்கார்ந்ததும் பழைய பல்லவிதான். அப்போஸ்தலனாகிய பவுலும் தனியாளாய் வாழ்ந்தவர்தாம். எங்கள் கமிட்டித் தேர்தலில் நின்றால் அவருக்கு டெபாசிட் தேறுமா என்பது சந்தேகமே.

"வருஷத்துக்கு ஒருதரம் வாலிபர் ஞாயிறு வைக்கிறோமே" என்பார்கள். வைக்கிறார்கள். அன்று அவர்கள் வேதபாடம் வாசிப்பார்கள், காணிக்கைப் பை பிடிப்பார்கள். அடுத்த ஞாயிறு பை பழைய கைக்கே போய்விடும். விருந்தாளிக்கு இலை போடுவதும் வீட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதும் ஒன்றா?

இந்த ஆண்டு மாறி வந்த ஐயர் சாவியையே கொடுத்துப் பார்த்தார். பூட்டிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தை இவளிடம் ஒப்படைத்து, மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் சொன்னார். செலவுக்கு ஒரு தொகையும் கொடுத்து, அதை என்ன செய்வது என்பதையும் அவள் இஷ்டத்துக்கே விட்டார். இவள் முதலில் வாங்கியது புத்தகம் அல்ல, மின்விசிறி. கமிட்டியில் முணுமுணுப்பு எழுந்தது. "அது அவங்க தீர்மானம்" என்று சொல்லிவிட்டு ஐயர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாராம்.

மாற்றல் மனுவை அவள் இன்னும் திரும்ப வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்று மட்டும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள்.