பழைய பிராசஸர் எங்க சார்?

இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை மக்களே. கம்ப்யூட்டர் கதை. கொஞ்சம் நீளமான இழை, டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பொண்ணு ஆர்க்கிடெக்சர் நாலாவது வருஷம். வீட்டு டெஸ்க்டாப் 2018 கடைசியில் வாங்கியது. பி450 போர்டு, ரைசன் 3 2200ஜி பிராசஸர். ஒரு ரெண்டர் போட்டால் ராத்திரி பூரா ஓடும், காலையில் பார்த்தால் பாதியில் நிற்கும். திங்கட்கிழமை ரிவ்யூ. புது மெஷின் வாங்க எனக்கு மனசு வரலை. யூடியூபில் நாலு வீடியோ பார்த்தேன். அதே போர்டில் ரைசன் 5 5600 போடலாமாம். 4 கோருக்குப் பதில் 6, 4 த்ரெட்டுக்குப் பதில் 12. ஆர்டர் போட்டுட்டேன்.

வியாழக்கிழமை ராத்திரி க்ளினிக் முடிஞ்சு வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "அப்பா, தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிடலாம்ப்பா" என்றாள். "மனுஷ உடம்பையே பாக்குறேன், இந்த டப்பா என்ன பெரிய விஷயம்?" என்று சொன்னது சாட்சாத் நான்தான். இத்தனைக்கும் நான் பொது மருத்துவர், சர்ஜன்கூட இல்லை.

முதல் தப்பு கூலரில். ஃபேனோடு இருக்கும் அந்த உலோகக் கட்டிக்கும் பிராசஸருக்கும் நடுவில் ஒரு பேஸ்ட் இருக்கும். வருஷக்கணக்கில் காய்ந்து ஃபெவிகால் மாதிரி பிடிச்சிருந்தது. நேராக மேலே இழுத்தேன். 'டக்'. கூலரோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. லீவர் பூட்டித்தான் இருந்தது. ஏஎம்4 சாக்கெட் பின்களை மட்டும்தான் பிடித்திருக்கும், பிராசஸரின் தலையை அழுத்திப் பிடிக்க எதுவும் கிடையாது. அடியில் மெல்லிசாக 1331 பின். ஒரு மூலையில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. (மெஷினை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, சூட்டில் பேஸ்ட் இளகினதும் ஆஃப் பண்ணி, கூலரை இடம் வலம் லேசாகத் திருகிட்டு அப்புறம் தூக்கணும். இது எனக்கு மறுநாள்தான் தெரியும்.)

சரி, பழசுதானே என்று தேற்றிக்கொண்டு புதுசைப் போட்டேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர் மட்டும் கறுப்பு. பல்ஸ் இருக்கு, நினைவு இல்லை. அரை மணி நேரம் போராடிட்டு பழசையே திரும்பப் போடலாம் என்று பார்த்தால், வளைந்த பின்னோடு அது உட்காரவே இல்லை. கொஞ்சம் அழுத்தினேன். அதை அழுத்தவே கூடாது, தானாக விழுந்து உட்காரணும். இன்னும் ரெண்டு பின் சாய்ந்தது. இப்போ ரெண்டும் போச்சு. புதுசையே திரும்ப மாட்டி மூடி வச்சேன். ஃபைல் எல்லாம் எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கு, திறக்கத்தான் மெஷின் இல்லை. பொண்ணு ஒரு வார்த்தை பேசலை. கதவைச் சாத்திக்கிட்டா.

மறுநாள் ஓ.பி.யைத் தள்ளி வச்சிட்டு, கேபினட்டைக் குழந்தை மாதிரி மடியில் வச்சிக்கிட்டு ஆட்டோவில் ரிச்சி ஸ்ட்ரீட். மவுண்ட் ரோடு பக்கத்தில், சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மாடியில் ஒரு சின்னக் கடை. இருபத்தஞ்சு வயசு இருக்கும் தம்பி.

"என்ன சார் ஆச்சு?"

"தெரியலைப்பா. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. தானா டிஸ்ப்ளே போயிடுச்சு."

சத்தியமா சொல்றேன், யோசிச்சுச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிடுச்சு. இதே வாக்கியத்தை எத்தனை பேர் என் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்காங்க!

தம்பி நம்பினான். ரேமைக் கழட்டி ரப்பரால் தேய்த்தான். வேற ரேம் போட்டுப் பார்த்தான். பட்டன் பேட்டரியைக் கழட்டி மாட்டினான். வேற எஸ்எம்பிஎஸ் கொடுத்தான். மானிட்டர் கேபிளை மாத்தினான். முக்கால் மணி நேரம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒரு வார்த்தை சொன்னால் அவன் வேலை பாதியாகும். வாய் வரலை.

கடைசியில் கூலரைத் திருகிக் கழட்டினான். உள்ளே பளபளன்னு புது பிராசஸர், விளிம்பில் என் கட்டைவிரல் ரேகையோடு பேஸ்ட். அவன் என்னைப் பார்க்காமலே கேட்டான்: "பழைய பிராசஸர் எங்க சார்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாத்திரை போட்டுக் கொடுக்கும் பேப்பர் கவரில் வச்சிருந்தேன். கவரில் என் க்ளினிக் பேர்.

"டாக்டரா சார் நீங்க?"

"ம்."

அவன் சிரிக்கலை. திட்டவும் இல்லை. "கூலரோட வந்துடுச்சா? எல்லாருக்கும் வர்றதுதான் சார். முதல்லயே சொல்லியிருந்தா நேரா இதுக்கே வந்திருப்பேன்" என்றான். அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது நான் பார்த்த நல்ல வைத்தியங்களில் ஒன்று. விஷயம் இதுதான்: 2018-ல் வந்த போர்டின் பயாஸுக்கு 2022-ல் வந்த பிராசஸரை அடையாளம் தெரியாது. பயாஸைப் புதுப்பிக்கணும். என் போர்டில் அதைச் செய்ய, ஓடுகிற பழைய பிராசஸர் வேணும். அதன் பின்னைத்தான் நான் வளைச்சு வச்சிருக்கேன். தம்பி ஒரு மெக்கானிக்கல் பென்சிலை எடுத்து லெட்டை உருவிட்டு, அந்த ஓட்டை முனையை ஒவ்வொரு பின்னிலும் சொருகி நிமிர்த்தினான். கண்ணில் வாட்ச் ரிப்பேர் லென்ஸ். ஒரே மூச்சில் நேராக்கினால் முறியுமாம், கொஞ்சம் கொஞ்சமாக. மொத்தம் 11 பின். நான் மூச்சு விடலை. லீவரைத் தூக்கி வச்சதும் பிராசஸர் தானாக விழுந்து உட்கார்ந்தது. மானிட்டரில் வெளிச்சம் வந்தப்போ, நெஞ்சை அமுக்கின பேஷண்டுக்குத் துடிப்பு திரும்பின மாதிரி இருந்துச்சு.

பென் டிரைவில் புது பயாஸ். அது ஏறும்போது கரண்ட் போனால் போர்டே போயிடலாம் என்பதால் யுபிஎஸ்ஸில் போட்டான். முடிஞ்சதும் புது பிராசஸரை மாட்டினான். மறுபடியும் கறுப்பு! எனக்கு வேர்த்துடுச்சு. அவன் சாவகாசமாக ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைச் சொருகினான். வந்துடுச்சு. பழைய 2200ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே இருந்தது. நான் வாங்கின 5600-ல் கிடையாது. 5600ஜி வாங்கியிருந்தால் இருந்திருக்கும். ஒரே ஒரு எழுத்து. டோபமின் கேட்ட இடத்தில் டோபுட்டமின் எடுத்துக் கொடுத்த நர்ஸை அந்தக் காலத்தில் நான் கத்தினது ஞாபகம் வந்துச்சு.

கூலி 600 ரூபாய், செகண்ட் ஹேண்ட் கார்டு தனி. ஞாயிறு காலையில் ரெண்டர் முடிஞ்சிருந்தது. பொண்ணு பேசினா. "கடையில் என்னன்னு சொன்னீங்க?" என்றுதான் முதல் கேள்வி. நான் பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தேன்.

இதில் ஒரு பாக்கி இருக்கு. அதுக்கு முந்தின வாரம் ஒரு பாட்டியைத் திட்டி அனுப்பியிருந்தேன். சுகர் இறங்கவே இல்லை. ரெண்டு தடவை டோஸ் ஏத்தினேன். ஒவ்வொரு தடவையும் "வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்பேன், "ஒண்ணும் இல்ல சாமி" என்பார். கடைசியில் மருமகள்தான் கவரைக் கொண்டுவந்து காட்டினார். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கின மாத்திரை, அதில் ஸ்டீராய்டு. சுகரை ஏத்துவதே அதுதான். மாசக்கணக்கில் சாப்பிட்டிருக்கார், அதனால் திடீரென நிறுத்தவும் முடியாது, உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்கணும். இதையெல்லாம் நான் சொன்ன விதம் இருக்கே, வெயிட்டிங் ஹாலில் இருந்தவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. பாட்டி தலையே நிமிரலை.

போன செவ்வாய் திரும்ப வந்தார். ஃபைலை மூடி வச்சேன். "பாட்டி, அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. வேற எது சாப்பிட்டாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்றேன்.

மருமகளை ஒரு பார்வை பார்த்தார். சுருக்குப் பையைத் திறந்தார். நாங்க ரெண்டு பேருமே பார்க்காத இன்னொரு கவர் அதில் இருந்தது.